பூட்டிய வீடும் ஊராட்சிப் பாக்கியும்

திருக்கடையூரில் முகூர்த்த நாள், சாதா நாள் என்ற பேதம் கிடையாது. அறுபது நிறைந்தவர்களுக்கு மணிவிழா, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று அமிர்தகடேசுவரர் கோயிலுக்குள் ஆண்டு முழுக்க ஓமப்புகை அடங்குவதே இல்லை. மயிலாடுதுறையில் ரயிலிறங்கியும் சென்னையிலிருந்து வேன் பிடித்தும் வருகிற குடும்பங்கள் பெரிதாக எதையும் கேட்பதில்லை. முதல்நாள் இரவு படுக்க இடம், விடியற்காலை குளிக்க வெந்நீர், சொந்தபந்தம் உட்கார்ந்து இலைபோட்டுச் சாப்பிட ஒரு கூடம். இதற்காகவே கோயிலைச் சுற்றி லாட்ஜுகளும் மண்டபங்களும் எழும்பியிருக்கின்றன. கூடம் வைத்துக் கட்டிய வீடுகளோ டெல்டா முழுக்கப் பூட்டிக் கிடக்கின்றன.

ஆக்கூர், செம்பனார்கோவில், தில்லையாடி, பொறையார் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அப்படி ஒரு வீட்டைப் பார்க்காமல் போக முடியாது. திண்ணையில் யாருடைய உரமூட்டையோ அடுக்கியிருக்கும். கதவில் துருப்பிடித்த பூட்டு. சுவரில் அரசங்கன்று. வாசல் தெளித்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

ஓட்டு வீடு ஆள் புழங்கினால்தான் நிற்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அடுப்பு எரிகிறவரை புகை ஏறி உத்திரத்தையும் வரிச்சையும் கரையான் அண்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆள் போனதும் முதலில் நகர்வது ஓடு. குரங்கு ஏறும், பூனை ஓடும், ஒரு ஓடு விலகும். ஐப்பசி மழை அந்த இடுக்கு வழியே இறங்கிச் சுண்ணாம்புச் சுவரை ஊற வைக்கும். அடுத்த வருடம் கைமரம் இற்றுப்போகும், அதற்கடுத்த வருடம் தாழ்வாரம் உட்காரும். தூணும் நிலையும் தேக்காக இருந்தால் மழைக்கு முன்பே ஆள் வந்துவிடுவான். ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவான். மிஞ்சுவது நான்கு மண்சுவரும் கொல்லையில் ஒரு பாழுங்கிணறும். பக்கத்து வீட்டில் குழந்தை இருந்தால் பாம்புப் பயம் வேறு. ஒரு வீடு விழுந்தால் அதோடு நிற்பதில்லை. பொதுச்சுவர் வழியாக அடுத்த வீட்டுக்கும் ஈரம் ஏறுகிறது.

இந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களா என்றால், ஏராளமாக இருக்கிறார்கள். வரி ரசீதில் தாத்தா பெயர். தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். அவர்களின் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், நியூஜெர்சி. தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்கள் பெண்களுக்குச் சம பங்கு கொடுத்தன. வரவேண்டிய நியாயம் வந்தது. ஆனால் அதற்கேற்ற காகிதவேலையைக் குடும்பங்கள் செய்யவில்லை. வாரிசுச் சான்று வாங்கவில்லை, பாகப்பிரிவினை எழுதவில்லை, பட்டா மாற்றவில்லை. விற்க எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். விழவிட ஒருவர் கையெழுத்தும் வேண்டாம்.

உரலைக்கூட ஜப்தி செய்ய முடியாது

இப்போது ஊராட்சிச் செயலரின் இடத்தில் இருந்து பாருங்கள். திருக்கடையூர் ஒரு கிராம ஊராட்சி. செம்பனார்கோவில் ஒன்றியத்தில் வருவது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி வீட்டு வரி போடுவதும் வசூலிப்பதும் ஊராட்சியின் வேலை. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் குப்பை அள்ளவும் ஊராட்சி தன் கையால் சம்பாதிக்கும் காசு பெரும்பாலும் இதுதான். 2023-லிருந்து இணையவழியிலும் கட்டலாம், நியூஜெர்சியிலிருந்தும் கட்டலாம். பூட்டிய வீட்டுக்கு யாரும் கட்டுவதில்லை. என்றாவது வீடு விற்கிற நாளில், அல்லது மின் இணைப்பைப் பெயர்மாற்றப் போகிற நாளில், ரசீது தேவைப்படும்போது மொத்தமாகக் கட்டுவார்கள்.

கட்டாவிட்டால் ஊராட்சி என்ன செய்யலாம்? 1999-இல் வந்த வரி விதிப்பு விதிகள் வழி சொல்கின்றன. கேட்பு அறிவிப்பு, அதற்குப் பின் அசையும் பொருள்களை ஜப்தி செய்தல், அதுவும் முடியாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் வழக்கு. இந்த ஏற்பாடு வரி கட்டாதவர் ஊரிலேயே, அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார் என்று நினைத்து எழுதப்பட்டது. பூட்டிய வீட்டில் எடுத்துப்போக என்ன இருக்கிறது? கூடத்தில் பதித்த ஆட்டுரல் அசையும் பொருள் ஆகாது. வழக்குப் போட எதிராளியின் முகவரி வேண்டும். சில நூறு ரூபாய் வருட வரிக்காக எந்தச் செயலர் கோர்ட் படி ஏறுவார்? பாக்கிப் பதிவேட்டில் எண் வருடாவருடம் வளர்கிறது. அதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை.

வீட்டுக்குத்தான் இந்தக் கையாலாகாத்தனம். நஞ்சைக்கு வரும்போது அரசாங்கம் ஒரு நாளும் இப்படிக் கைகட்டி நின்றதில்லை. 1864-ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. தீர்வை பாக்கி விழுந்தால் கேட்பு, பிறகு நிலத்திலேயே ஒட்டப்படும் ஜப்தி அறிவிப்பு, பிறகு கலெக்டர் கச்சேரியிலும் தாலுகாவிலும் ஒரு மாத அறிவிப்பு, அப்புறம் ஏலம். வாங்கியவருக்கு வில்லங்கம் எதுவும் ஒட்டாத சுத்தமான உரிமை. ஏலம் முடிந்து முப்பது நாளுக்குள் பழைய உடைமைக்காரர் பணத்தைக் கட்டி ஏலத்தை ரத்துசெய்து கொள்ளவும் இடம் உண்டு. ஏலம் கேட்க ஆளில்லாவிட்டால் அரசாங்கமே பெயரளவு தொகைக்கு எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்த நிலம் ‘தீர்வை ஏற்பட்ட தரிசு’ என்று கணக்கில் ஏறி, பின்னாளில் நிலமற்றவருக்கு ஒப்படையாகவும் போனது. வெள்ளைக்காரன் தன் கஜானாவை நிரப்பப் போட்ட சட்டம்தான். பல குடியானவர்களின் கண்ணீர் அதில் இருக்கிறது. ஆனாலும் நிலம் யார் கையிலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கக்கூடாது என்ற பிடிவாதம் அதில் இருந்தது.

அந்தச் சங்கிலி கிராமத்துத் தெருவுக்குள் நுழையவில்லை. குடியிருப்பு இருப்பது நத்தத்தில். வழிவழியாக நத்தத்துக்குத் தீர்வை கிடையாது. கிராமநத்தம் குடியிருப்பவருடையது, அரசின் சொத்தாகாது என்றே சென்னை உயர்நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது. டெல்டாவில் கோயில் ஊர்களில் இன்னொரு முடிச்சும் உண்டு: அடிமனை. மனை கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ சொந்தம், மேலே கட்டிய வீடு மட்டும் குடியிருப்பவருக்கு. (திருக்கடையூர்க் கோயிலே தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது.) அத்தகைய வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் ஊராட்சிக்கு வீட்டு வரி பாக்கி, கோயிலுக்கு அடிமனை வாடகை பாக்கி. பாக்கி வரவேண்டிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, வீடு நடுவில் விழுகிறது.

ஒருவர் வாக்குக்கு ஏழாயிரம் பேர்

ஜப்தி செய், ஏலம் விடு என்று எழுதுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டெல்டாவில் கைவிட்ட நிலம் மறுபடி விளைந்த பெரிய நிகழ்ச்சி வேறு வழியில் நடந்தது.

1781-இல் ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்து போனபின் ஊர்கள் வெறிச்சோடின. அதன் பின்னும் வரிக்கொடுமை தாங்காமல் குடிகள் வயலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மன்னர் துளஜா திரும்பி வரச்சொல்லி உறுதி கொடுத்துப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. கடைசியில் தரங்கம்பாடிக்கு 1750-இல் வந்திறங்கி, தஞ்சையில் மிஷனரிப் பணிசெய்துகொண்டிருந்த சுவார்ட்ஸ் ஐயரை அழைத்து, தன் சார்பில் குடிகளுக்கு வாக்குக் கொடுக்கச் சொன்னார். சுவார்ட்ஸ் ஐயர் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பினார்கள். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பருவம் கிட்டத்தட்டத் தப்பிப்போயிருந்தும், இரவு பகலாக வேலைசெய்து நட்டு விளைவித்தார்கள். வயல் அங்கேயே இருந்தது, ஆறும் அங்கேயே ஓடியது. நடுவில் நின்று இரு தரப்புக்கும் பொறுப்பேற்கும் ஓர் ஆள் மட்டும் குறைந்திருந்தார்.

இன்றைய பூட்டிய வீட்டுக்கும் அதே குறைதான் என்று நினைக்கிறேன். வெளியூரில் இருக்கும் உடைமைக்காரரிடம் ஏன் வாடகைக்கு விடக்கூடாது என்று கேளுங்கள். விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்பதுதான் முதல் பதில். குத்தகைக்கு விட்ட நிலத்தில் 1955-ஆம் ஆண்டு சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் ஏற்பட்ட பயம் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டது. உழுதவனைப் பாதுகாத்த அந்தச் சட்டம் இந்த மண்ணுக்கு மிகவும் தேவையாக இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. பயம் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். வீட்டு வாடகைக்காக 2017-இல் வந்த புதிய சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், வாடகை ஆணையம் என்றெல்லாம் பேசுகிறது. அது நகரங்களோடு நின்றுவிட்டது. ஆகவே கிராமத்தில் வீட்டுக்காரர் நம்பி விடுவதற்கு ஆளில்லாமல் பூட்டிவிட்டுப் போகிறார். அதே தெருவில் தனிக்குடித்தனத்துக்கு வீடு கிடைக்காமல் ஒரு சின்னஞ்சிறு குடும்பம் அலைகிறது.

உலகம் இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால், இரண்டு மூன்று இடங்களில் நமக்குப் பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிளின்ட், ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்த ஊர். 1960-இல் சுமார் 1,97,000 பேர் இருந்த அந்நகரில் 2020-இல் சுமார் 81,000 பேர். தொழிற்சாலை மூடியதும் ஜனங்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வரி பாக்கி வீடுகளை ஊக வியாபாரிகள் ஏலத்தில் அள்ளி, பழுதும் பார்க்காமல் வாடகை பிடுங்கிவந்த நிலையை மிச்சிகன் மாநிலம் 1999-இல் சட்டம் போட்டு மாற்றியது. பாக்கி விழுந்த வீடு இரண்டு மூன்று வருடத்தில் மாவட்டப் பொருளாளர் கைக்கு வரும். அப்போது பொருளாளராக இருந்த டான் கில்டி 2002-இல் அவற்றுக்கென ஒரு நில வங்கியைத் தொடங்கினார். நல்ல வீட்டைப் பழுதுபார்த்து விற்றார்கள். தேறாததை இடித்தார்கள். காலிமனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்கே சொற்ப விலைக்குக் கொடுத்தார்கள். ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே சுற்றியது.

அதே அமெரிக்காவில் இதன் கோரமுகமும் தெரிந்தது. மினசோட்டாவில் ஹென்னபின் கவுண்டி, வரியும் அபராதமுமாகச் சுமார் 15,000 டாலர் பாக்கிக்காக ஒரு மூதாட்டியின் குடியிருப்பை 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. அவர் 94 வயதில் உச்ச நீதிமன்றம்வரை போராடினார். 2023 மே மாதம் நீதிபதிகள் ஒன்பது பேரும் ஒருமித்து, பாக்கிக்கு மேல் எடுத்தது தவறு என்றார்கள். நம் ஊரில் ஏலம் என்ற சொல்லை எடுப்பவர்கள் இந்த வழக்கை முதலில் படிக்க வேண்டும்.

ஜப்பானின் 2023 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. ஏழு வீட்டுக்கு ஒன்று. அங்கும் நோய் நம்முடையதே: இறந்தவர் பெயரிலேயே பத்திரம். 2024 ஏப்ரலிலிருந்து, சொத்து வந்தது தெரிந்த மூன்று வருடத்துக்குள் வாரிசுகள் பெயர்பதிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். இதை நாம் நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

கேரளம் பக்கத்திலேயே இருக்கிறது. 2008-இல் வந்த நெல்வயல் மற்றும் சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம், ஊராட்சித் தலைவரைத் தலைவராகவும் வேளாண் அலுவலரை அமைப்பாளராகவும் கொண்ட உள்ளூர்க் குழுவை ஏற்படுத்தியது. தரிசாகப் போட்ட வயலை நீ பயிரிடு, இல்லையேல் பயிரிட ஆள் விடு என்று உடைமைக்காரரிடம் சொல்ல அங்கே ஒரு வாய் இருக்கிறது. குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பின் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் விளைவிக்கிறார்கள். உடைமை மாறவில்லை, வயல் மட்டும் பச்சையானது.

பக்கத்து ஊர் சொல்வது

வெளிநாடு, வெளிமாநிலம் போவானேன். திருக்கடையூரிலிருந்து சில மைல் தெற்கே தரங்கம்பாடி. 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் சில காலம் அங்கே இருந்தது. 1860-வாக்கில் அதுவும் போய்விட்டது. அடுத்த ஆண்டுகளில் ரயில் நாகப்பட்டினத்துக்கு வர, வியாபாரமும் அங்கே நகர்ந்தது. ராஜ வீதியின் மாளிகைகள் நூறு வருடத்துக்கும் மேல் இற்றுக்கொண்டே இருந்தன.

இன்று போய்ப் பாருங்கள். பழைய கலெக்டர் பங்களா கடற்கரை விடுதியாகி, 2004 டிசம்பர் சுனாமியையும் தாண்டி நிற்கிறது. கவர்னர் மாளிகையை டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் நம் அரசும் சேர்ந்து மீட்டன. பாழடைந்த தமிழ் வீடுகள் சிலவற்றை இன்டாக் அமைப்பு டேனிஷ் நிதி உதவியோடு திண்ணையும் தூணுமாக அதே சாயலில் எழுப்பியது. உள்ளூர்க் கொத்தனாரும் தச்சரும் சுண்ணாம்பு அரைக்கவும் மரச்சட்டம் கோக்கவும் மறுபடி கைபழகினார்கள். விழுந்த வீடு எழும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் இதெல்லாம் வெளிப்பணமும் வெளி ஆர்வமும் செய்தவை. டேனிஷ்காரன் வாழ்ந்த தெருவுக்கு டென்மார்க் வரும். ஆக்கூரில் ஒரு ஆசிரியர் வாழ்ந்த ஓட்டு வீட்டுக்கு யார் வருவார்? உள்ளூராட்சிதான் வரவேண்டும்.

அது வருவதற்கான வழி நம் பழக்கத்திலேயே இருக்கிறது: போக்கியம். ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டை அனுபவிக்க விடுவது, தவணை முடிந்ததும் தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்பது. இதற்கு 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இடமிருக்கிறது. தஞ்சைத் தெருக்களில் எழுத்தறியாதவர்களுக்கும் அத்துப்படி. பூட்டிய வீட்டை ஊராட்சி போக்கியமாக எடுக்கட்டும். வரி பாக்கியும் பழுதுபார்த்த செலவும்தான் போக்கியத் தொகை. வீட்டில் கிடைக்கும் வாடகை அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டே வரும். கழிந்து முடிந்தால் வீடு வாரிசுகளுக்கு. நடுவில் ஒரு வாரிசு திரும்பிவந்து மிச்சத்தைக் கட்டினாலும் வீடு அவர்களுக்கே. உடைமை ஒரு நிமிடம்கூட மாறாது.

உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடு மாற்றி, கைமரம் மாற்றி, கழிவறை கட்டி, மின்சாரம் இழுக்க ஐந்து லட்சம் ரூபாய் என்று வையுங்கள். மாதம் எட்டாயிரம் வாடகை வந்தால் வருடத்துக்கு 96,000. ஆறு வருடத்துக்குள் வீடு கடனில்லாமல் வாரிசுகள் கைக்குப் போய்விடும், அதுவும் மழை தாங்கும் வீடாக. திருக்கடையூர் போன்ற இடத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுலபம். மணிவிழாவுக்கு வரும் குடும்பத்துக்கு முற்றமும் கூடமும் கொல்லைக் கிணறும் உள்ள வீட்டை இரண்டு நாளைக்குக் கொடுத்து, மகளிர் சுய உதவிக் குழு சமையலையும் பார்த்துக்கொண்டால், பழுதுபார்த்த செலவு தானாக அடையும். எல்லா ஊரிலும் திருக்கடையூர் அபிராமி சன்னிதி இல்லை என்பதும் தெரியும். அங்கே வாடகைக் கட்டடத்தில் திண்டாடும் அங்கன்வாடிக்கோ, நூலகத்துக்கோ, வீடு தேடும் ஒரு குடும்பத்துக்கோ அது பயன்படும்.

வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; பதிவு செய்த ஒப்பந்தம் போதும். பத்திரச் செலவை அரசு தள்ளுபடி செய்யலாம். கையெழுத்து வராத வீட்டுக்குத்தான் ஊராட்சிகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வேண்டும். தொடர்ந்து சில ஆண்டு வரி பாக்கி, ஆள் குடியில்லை, அறிவிப்புக்குப் பதிலில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் கலெக்டர் அனுமதியோடு ஊராட்சி அனுபவ உரிமையை மட்டும் எடுக்கலாம். அடிமனை வீடாக இருந்தால் கோயிலையும் ஒரு தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் நீளும் கோயில் குத்தகைக்கு அறநிலையத்துறை ஆணையரின் அனுமதி வேண்டியிருப்பதால், ஐந்தைந்து வருடமாகத் தவணை போடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எதிர்ப்பு வரும் இடமும் தெரிகிறது. ஊராட்சி என்றால் தலைவரின் மச்சான் அல்லவா குடியேறுவார் என்று கேட்பார்கள். நியாயமான பயம். அதனால்தான் எந்த வீடு, யாருக்கு, எவ்வளவு வாடகை, எவ்வளவு கழிந்தது என்ற நான்கும் கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும் என்கிறேன். வருடத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. வாசித்த கணக்கு இணையத்திலும் ஏறினால், நியூஜெர்சியில் இருப்பவரும் தன் பாட்டி வீட்டின் வரவு செலவைப் பார்க்கலாம். வாடகைக்காரர் காலி செய்யாவிட்டால் வெளியேற்றும் பொறுப்பு ஊராட்சியுடையது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் எந்த வாரிசும் கையெழுத்துப் போடமாட்டார், போடவும் கூடாது.

இன்னொன்றையும் இங்கே திட்டவட்டமாகச் சொல்லிவிட வேண்டும். பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது என்றால் நஞ்சையில் மனைக்கல் நடுவது ஆகாது. டெல்டாவில் வயலை மனையாக்கி, வெளியூர்க்காரர் முதலீடாக வாங்கிப்போட்டு, கல் மட்டும் நிற்க, வாய்க்கால் தூர்ந்து பக்கத்து வயலுக்கும் தண்ணீர் ஏறாமல் போவதைப் பார்க்கிறோம். அதுவும் கைவிட்ட சொத்துதான். ஊருக்குள் காலியாக நிற்கும் வீட்டை மீட்டால், வயலில் புதிதாக மனை போடுவதற்கான தேவையும் குறையும்.

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் மயிலாடுதுறை உட்பட 28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்கு வந்தது. பூட்டிய வீடுகளின் பட்டியலை எடுக்க அடுத்த தேர்தலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கதவு எண், கடைசியாக வரி கட்டிய ஆண்டு, ரசீதில் உள்ள பெயர், மனை நத்தமா அடிமனையா, கூரை நிற்கிறதா, வாரிசு ஒருவரின் தொலைபேசி எண். எண் ஊராட்சி அலுவலகத்தில் இருக்காது; எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருக்கும். அடுத்த ஐப்பசிக்குள் கேட்டு வாங்கி எழுதிவிட்டால் சில கூரைகளையாவது காப்பாற்றிவிடலாம்.